“சிஸ்டர், ட்ரிப்ஸை ஏன் நிறுத்திட்டீங்க?” – ஐசியூ வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு வருடமாக ஐசியூ நர்ஸ் வேலை பார்க்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வெளியே வரும்போது, வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் எழுந்து வந்து கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியவை. ஏன் ஏற்றுகிறீர்கள், ஏன் ஏற்றவில்லை, ஏற்றியதை ஏன் எடுக்கிறீர்கள். நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எத்தனை மில்லி என்பதை அவரைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

குளுக்கோஸ் ஏத்தினா உடம்புக்குத் தெம்பு வந்துடும்ல?

தொங்குகிற பாட்டிலை எல்லாம் நாம் ‘குளுக்கோஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நிஜமான குளுக்கோஸ் பாட்டில், அதாவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கும். இரண்டு இட்லியில் கிடைக்கும் சக்தி. அதில் தெம்பு வராது.

ஐசியூவில் முதல் நாள் ஓடுவது பெரும்பாலும் அதுவும் இல்லை. நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். அது சத்துக்காக அல்ல, ரத்தக் குழாய்க்குள் அளவு குறைந்துபோனால் நிரப்புவதற்காக. சாப்பாடு தனி ஏற்பாடு. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் கஞ்சி போலக் கரைத்துக் கொடுப்போம்.

எங்கம்மாவுக்கு ஏற்கெனவே பிபி. உப்பே சேர்க்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நீங்க உப்புத்தண்ணி ஏத்துறீங்களே?

நல்ல கேள்வி. நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, ஒரு லிட்டரிலேயே கிட்டத்தட்ட இரண்டு நாள் உப்பு உள்ளே போய்விடுகிறது.

ஆனாலும் பிபி படுத்துவிட்ட நேரத்தில் வெறும் தண்ணீரையோ குளுக்கோஸையோ ஏற்றினால் குழாய்க்குள் நிற்காது, உடம்பு முழுக்கப் பரவிவிடும். உப்புதான் அதைக் கொஞ்ச நேரமாவது குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. அதனால் அந்தச் சில மணி நேரத்துக்கு உப்பு தேவை. அந்தக் கட்டம் தாண்டிய பிறகு உங்கள் கவலை எங்கள் கவலையும்தான். ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கையும் 100 மில்லி சலைனில் கலந்துதான் போடுகிறோம். யாரும் ‘ட்ரிப்ஸ்’ என்று எண்ணாமலே இப்படி ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் போய்விடும். அதையும் சேர்த்துச் சார்ட்டில் எழுதுவது எங்கள் வேலை.

‘ஷாக்’னு டாக்டர் சொல்றார். கரண்ட் அடிக்கலை, அதிர்ச்சியான சேதியும் யாரும் சொல்லலையே?

வாரத்துக்கு ஒரு முறையாவது இதைக் கேட்கிறேன். மருத்துவத்தில் ஷாக் என்றால் உடம்பின் உறுப்புகளுக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் வருகிறது. நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் இருப்பவருக்கு அந்த எண்ணால் என்ன பயன், அவர் வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதானே கேள்வி. ஷாக் என்பது உடம்பின் கடைமடை காய்வது.

காய்வதற்குக் காரணம் பல. ரத்தப்போக்கிலும் வயிற்றுப்போக்கிலும் அணையிலேயே தண்ணீர் இல்லை. பெரிய மாரடைப்பில் தண்ணீர் இருக்கிறது, தள்ளிவிடும் இதயத்துக்குத்தான் வலு இல்லை. நுரையீரல் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக்கட்டி பெரிதாகப் போய் அடைத்தால் வழியே மறிக்கப்படுகிறது. கிருமித் தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டும் செப்சிஸில் வாய்க்கால் எல்லாம் விரிந்து, கரையும் கசிய ஆரம்பித்துவிடுகிறது. நான்குக்கும் பெயர் ஷாக்தான், வைத்தியம் ஒன்றல்ல. கீழே வரும் பல பதில்களுக்கு இந்தப் பத்திதான் அடிப்படை.

பக்கத்து பெட்டுக்கு நாலு பாட்டில் ஓடிடுச்சு. எங்கப்பாவுக்கு ஒண்ணுகூடப் போடலை. காசு கட்டலைங்கறதாலயா?

இல்லை. அந்த நாலு பாட்டிலும் சாதாரண உப்புக் கரைசல்தான், விலை பெரிதில்லை. பக்கத்து பெட்டில் இருப்பவர் வாந்தி பேதியில் வற்றி வந்தவராக இருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு இதயம் பலவீனமாக இருக்கலாம். தள்ள முடியாத இதயத்துக்குப் பின்னால் தண்ணீரைக் கூட்டினால் அது நுரையீரலில்தான் போய்த் தேங்கும். ஒரே ராத்திரியில் வென்டிலேட்டர் வரை கொண்டுபோய்விடும்.

மானிட்டர்ல பிபி 110 இருக்கே, அப்புறமும் ஏன் சீரியஸ்னு சொல்றீங்க?

110 என்பது மேட்டூர் எண். நாங்கள் கடைமடையையும் பார்க்கிறோம். விரல் நகத்தைப் பத்து விநாடி அழுத்தி விட்டால் வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஐந்து, ஆறு விநாடி ஆனால் ரத்தம் அங்கே தடுமாறுகிறது. அப்புறம் முழங்கால். நான் டியூட்டிக்கு வந்ததும் போர்வையை விலக்கி முதலில் தொடுவது அதைத்தான். முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாகக் கறுநீலமாகவோ சில்லென்றோ இருந்தால் மானிட்டர் என்ன சொன்னாலும் டாக்டரைக் கூப்பிடுவேன். கறுத்த நிறத் தோலில் திட்டு சரியாகத் தெரியாது, கைதான் சொல்லும்.

ரத்தத்தில் லாக்டேட் அளவும் பார்ப்போம். திசுக்கள் ஆக்சிஜனுக்குத் திணறும்போது அது ஏறும். இரண்டுக்கு மேல் போனால் கவனிப்போம். கல்லீரல் கெட்டிருந்தாலும், சில மருந்துகளாலும் ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பி ஓடுவதில்லை. மருந்தால் தூக்கி நிறுத்திய 110-ஐயும் உடம்பு தானாக வைத்திருக்கும் 110-ஐயும் மானிட்டர் பிரித்துக் காட்டாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

யூரின் பையையே மணிக்கு ஒருதரம் குனிஞ்சு பாக்குறீங்களே, அதுல என்ன இருக்கு?

சிறுநீரகமும் கடைமடைதான். ரத்தம் குறைந்தால் முதலில் சிறுநீரைக் குறைக்கும் உறுப்புகளில் ஒன்று. கிலோவுக்கு அரை மில்லி வீதம் ஒரு மணி நேரத்துக்கு வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. அதற்காகவே அந்தப் பையின் மேல் பகுதியில் கோடு போட்ட சின்ன டப்பா இருக்கும். மூன்று மணி நேரம் தொடர்ந்து பத்து, எட்டு, ஐந்து என்று எழுத நேர்ந்தால் நானே கவலைப்பட ஆரம்பித்துவிடுவேன்.

செப்சிஸ்னு சொன்னாங்க. எவ்வளவு தண்ணி ஏத்தணும்னு கணக்கு இருக்கா?

ஆரம்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிபி விழுந்திருந்தாலோ லாக்டேட் ஏறியிருந்தாலோ, முதல் மூன்று மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மில்லியாவது கொடுக்கலாம் என்பது 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். 60 கிலோவுக்கு 1,800 மில்லி. இதையே முன்பு அழுத்தமாகப் பரிந்துரைத்தவர்கள் அந்த ஆண்டு ‘கொடுக்கலாம்’ என்று தளர்த்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பொதுக் கணக்கு கிடையாது. அடுத்த அரை லிட்டர் பலன் தருமா என்று ஒவ்வொரு தடவையும் சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். பிபி நிலையில்லாத ஐசியூ நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் தண்ணீர் கொடுத்தால் இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறது. மற்ற பாதிப்பேருக்கு அது வீக்கமாக மட்டும் மாறும்.

கட்டிலைச் சாய்ச்சு காலை மேல தூக்கி வெச்சிருந்தாங்க. பாவம், எதுக்கு?

மேலே சொன்ன சோதனைதான் இது. தலையைத் தாழ்த்திக் காலை 45 டிகிரி உயர்த்தினால் கால்களில் இருக்கும் சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்கு இறங்கும். ஒரு நிமிடத்துக்குள் எக்கோ என்ற இதய ஸ்கேனிலோ மானிட்டரிலோ இதயம் அதிகமாகத் தள்ளுவது தெரிந்தால், பாட்டில் போட்டால் பலன் உண்டு. தெரியாவிட்டால் காலை இறக்கிவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. உள்ளே போன பாட்டிலை அப்படித் திருப்பி எடுக்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை, ஊசி கிடையாது, செலவும் கிடையாது. காலிலோ இடுப்பிலோ எலும்பு முறிந்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் செய்ய முடியாது.

தண்ணிக்குப் பதிலா ‘பிபி மருந்து’ ஓடுதுன்னாங்க. கழுத்துல ஏன் அவ்வளவு பெரிய குழாய்?

விரிந்துபோன வாய்க்காலை இறுக்கிக் கொடுக்கும் மருந்து அது. முதலில் எடுப்பது நார்அட்ரினலின், நாங்கள் ‘நாரட்’ என்போம். சராசரி ரத்த அழுத்தத்தை 65-இல் நிறுத்துவது வழக்கமான இலக்கு. மானிட்டரில் பிபிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் தெரியும் எண் அதுதான். முன்பெல்லாம் டோபமின் அதிகம் போட்டார்கள். அதில் இதயத் துடிப்பு தாறுமாறாவது அதிகம் என்று 2010-இல் வந்த பெரிய ஆய்வு காட்டிய பிறகு குறைந்துவிட்டது.

கை நரம்பிலிருந்து இந்த மருந்து கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகிவிடக்கூடும். அதனால்தான், பல மணி நேரம் ஓட வேண்டும் என்றால் கழுத்தில் இருக்கும் பெரிய ரத்தக் குழாய். மருந்து 50 மில்லி சிரிஞ்சில் பம்ப் வழியாகப் போகும். அது தீர்ந்து அடுத்ததை மாட்டும் அரை நிமிட இடைவெளியில்கூடச் சிலருக்கு பிபி 40-க்கு இறங்கிவிடும். அதனால் பழையது முடிவதற்கு முன்பே பக்கத்தில் இன்னொரு பம்பில் புதியதை ஓடவிட்டு வைப்போம். “ஒரே மருந்துக்கு ரெண்டு மெஷினா, ரெண்டு பில்லா?” என்று ஒருவர் கேட்டார். அதற்காகத்தான் இரண்டு.

விரல் நுனியெல்லாம் கறுத்துப்போச்சே, அந்த மருந்தாலதானே?

மருந்துக்கும் பங்கு உண்டு, நோய்க்கும் பங்கு உண்டு. மூளை, இதயம், சிறுநீரகத்துக்கு அழுத்தம் வேண்டும் என்று குழாய்களை இறுக்கும்போது விரல் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கிறது. செப்சிஸில் நுண்ணிய குழாய்களுக்குள் ரத்தம் உறைவதும் சேர்ந்துகொள்ளும். டோஸைக் குறைக்க முடிந்த முதல் நிமிடத்திலேயே குறைப்போம். சூடு வருமென்று வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். உணர்வில்லாத விரல் வெந்துபோகும்.

அம்மாவை அடையாளமே தெரியலை. முகம், கை, கால் எல்லாம் வீங்கிக் கிடக்கு. கிட்னி போயிடுச்சா?

கிட்னி போகாமலும் வீங்கும். புது மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் கசிகிறதே, கடுமையான தொற்றில் ரத்தக் குழாய்களின் நுண்ணிய சுவர் அப்படி ஆகிவிடுகிறது. ஏற்றும் உப்புக் கரைசலில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் குழாயை விட்டுச் சதைக்குள் போய்விடும். உள்ளே தங்கும் ஒரு லிட்டருக்கு உடம்பு எடை ஒரு கிலோ கூடும். மூன்று நாளில் ஏழெட்டு கிலோ ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே தெரியும் வீக்கம் பார்க்கத்தான் பயங்கரம். எங்களைப் பயமுறுத்துவது உள்ளே இருப்பது. நுரையீரல் ஈரமாகி ஆக்சிஜன் குறையும், குடல் வீங்கி உணவு ஏற்காது. சிறுநீரகத்தைச் சுற்றி இறுக்கமான உறை இருக்கிறது. உள்ளே வீங்கினால் விரிய இடமில்லாமல் அமுங்கி, சிறுநீர் இன்னும் குறையும். “யூரின் வரலை, இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்க” என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது அது சிலசமயம் நேர் எதிரான வைத்தியமாகிவிடுவது இதனால்தான்.

மோதிரம், வளையல், மெட்டியை முதல் நாளே கழற்றித் தரச் சொல்வது திருடுக்குப் பயந்து மட்டுமல்ல. ஒரு தடவை வீங்கிய விரலில் நூலைச் சுற்றிச் சுற்றி அரை மணி நேரம் போராடியும் வராமல், கடைசியில் கல்யாண மோதிரத்தை வெட்டி எடுத்தோம். அந்த அம்மா பிழைத்து எழுந்து கேட்ட இரண்டாவது கேள்வி மோதிரம் எங்கே என்பது.

நேத்து தண்ணி ஏத்தினீங்க, இன்னைக்கு லேசிக்ஸ் போட்டு எடுக்கிறீங்க. நேத்து பண்ணினது தப்புதானே?

லேசிக்ஸ் என்பது சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்து. ஏற்றியதும் எடுப்பதும் இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் சில மணி நேரம் உயிரைப் பிடித்து வைக்கும் கட்டம், அப்போது கொடுக்க வேண்டும். அடுத்தது பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் கட்டம். பிறகு போவதும் வருவதும் சமமாக இருக்க வேண்டும். நாரட் குறைந்து, லாக்டேட் இறங்கி, கசிவு அடங்கிவிட்டால் மிச்சத்தை வெளியே எடுக்கும் கட்டம் வரும். பல பேருக்கு அது மூன்றாம், நான்காம் நாளில். நேற்றைய தண்ணீர் நேற்றைய மருந்து. அதன் வேலை முடிந்துவிட்டது.

லேசிக்ஸ் போட்டதும் பை நிறைவதைப் பார்த்து, கிட்னி சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். அது மருந்து ஓட்டும் சிறுநீர். மருந்தில்லாமல் அதே அளவு வரும் நாளில் சந்தோஷப்படலாம்.

அப்படின்னா ஆரம்பத்துலயே கம்மியா ஏத்தினா என்ன?

இதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. வேகமாக நிறைய ஏற்றிய பிரிவில் 48 மணி நேரத்துக்குள் 100-க்குப் பத்துக்கும் மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றாத பிரிவில் ஏழு சொச்சம். உலகமே திடுக்கிட்டது. பலருக்கு மலேரியா, அங்கே வென்டிலேட்டர் வசதியும் இல்லை, அதை அப்படியே நம் ஊர் ஐசியூவுக்குப் பொருத்த முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்.

பெரியவர்களிடம், ஆரம்பத் தண்ணீர் கொடுத்த பிறகு கம்மியா வழக்கம்போலா என்று பார்த்த ஆய்வுகள் ஐரோப்பாவில் 2022-லும் அமெரிக்காவில் 2023-லும் வந்தன. இறப்பில் வித்தியாசமில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்பது சராசரியில் கரைந்துவிடும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அதனால் காலை டாக்டர் ஒன்று, மாலை டாக்டர் ஒன்று சொன்னால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். இடையில் நோயாளி மாறியிருப்பார்.

டெங்குல காய்ச்சல் விட்டுடுச்சு. இப்பப் போய் ஐசியூவா? பிளேட்லெட் ஏத்தினா போதாதா?

டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் விடும் நேரத்தில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அந்த 24 முதல் 48 மணி நேரம் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசியும். ரத்தம் கெட்டியாகி, அதில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி எண் ஏறும். நாங்கள் அடிக்கடி ரத்தம் எடுப்பது அதற்காக. பிபி 100/80 என்று காட்டும், பார்க்க அருமையாக இருக்கும். மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடைவெளி 20-க்கு வந்துவிட்டால் அது ஷாக். நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார், வீட்டார் நம்பமாட்டார்கள்.

ரத்தக்கசிவு இல்லாமல் எண்ணைப் பார்த்து மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில் பெரிய பலன் இல்லை. அதுவும் உள்ளே போகும் திரவம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கசிவு நின்ற பிறகு வெளியே போன நீரெல்லாம் தானாகக் குழாய்க்குத் திரும்பும். அப்போதும் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சுத்திணறல் வரும். டெங்குவில் ட்ரிப்ஸை நிறுத்துவது சிகிச்சையைக் கைவிடுவது அல்ல.

ஹீமோகுளோபின் 8 தான். ரத்தம் ஏத்துங்கன்னா தயங்குறாங்களே?

ரத்தப்போக்கு இல்லாத பெரும்பாலான ஐசியூ நோயாளிகளுக்கு 7-க்குக் கீழே போனால் ஏற்றினால் போதும். கனடாவில் 1999-இல் வந்த ஆய்வு முதல் இதுதான் நடைமுறை. மாரடைப்பு போன்றவற்றில் டாக்டர் கொஞ்சம் முன்னதாகவே ஏற்றச் சொல்லலாம்.

அல்புமின் பாட்டில் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நகையை வெச்சாவது வாங்கணுமா?

அல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். நகையை எடுப்பதற்கு முன் எதற்காக என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏறக்குறைய 7,000 ஐசியூ நோயாளிகளிடம் அல்புமினையும் சலைனையும் ஒப்பிட்டார்கள். 2004-இல் வந்த முடிவு, 28 நாளில் இறப்பு ஒன்றே. தலைக்காயம் உள்ளவர்களுக்கு அல்புமின் கெடுதலாகவே இருந்தது. கல்லீரல் சுருங்கி வயிற்றில் சேர்ந்த நீரை வெளியே எடுக்கும்போதும், அந்த நீரில் கிருமி சேர்ந்தாலும், அல்புமினுக்கு உறுதியான இடம் உண்டு. செப்சிஸில் நிறைய சலைன் போன பிறகும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அல்புமின் குறைவு என்பது மட்டுமே காரணம் என்றால், கசிவு நிற்காதவரை ஏற்றுவதும் கசியும்.

தண்ணி எடுக்க டயாலிசிஸ் வேணும்கறாங்க. ஒருதரம் பண்ணினா ஆயுசு பூரா பண்ணணுமா?

அவசியமில்லை. நல்ல சிறுநீரகத்தோடு வந்து இந்த நோயில் அடிபட்டவர்களில் பலர், சில வாரங்களில் டயாலிசிஸை விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே பழுதடைந்திருந்தால் கஷ்டம். நாரட் ஓடுகிறவருக்கு நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர் உறிஞ்சினால் பிபி படுத்துவிடும். அதனால் எட்டு, பத்து மணி நேரம் அல்லது நாள் முழுக்க மெதுவாக ஓட்டுவார்கள்.

ஒரு வாய் தண்ணி கேக்குறார் சிஸ்டர். இவ்வளவு ஏத்துறீங்க, அதைக் குடுக்கக் கூடாதா? இளநியாவது?

பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி இதுதான். உடம்பில் ஐந்து லிட்டர் அதிகமாக இருக்கும்போதும் நாக்கு வறண்டுதான் கிடக்கும். மருந்து, ஆக்சிஜன், உப்பு எல்லாம் சேர்ந்து தாகத்தைக் கூட்டும். ஆனால் அரை மயக்கத்தில் இருப்பவருக்கும் அன்றுதான் வென்டிலேட்டர் குழாய் எடுத்தவருக்கும் விழுங்கும் பழக்கம் முழுசாகத் திரும்பியிருக்காது. வாயில் போவது நுரையீரலுக்குப் போகும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பார்வை நேரத்தில் பிளாஸ்க் மூடியில் இரண்டு மடக்குக் காபி கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி அவருக்கு மறுபடி குழாய் போட வேண்டியதாயிற்று. கொடுத்தவர் பாசத்தில்தான் கொடுத்தார்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் சரியாகப் போகாதவருக்கு இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடியது. எங்களிடம் கேளுங்கள், குளிர்ந்த நீரில் நனைத்த காஸ் துணி தருகிறோம். அதை வைத்து உதட்டையும் நாக்கையும் நீங்களே ஒற்றிவிடலாம். பத்து நிமிடப் பார்வை நேரத்தில் உங்களால் செய்ய முடிகிற வைத்தியம் அது. அவர்கள் கண்ணை மூடி அந்தத் துணியைச் சப்புவதைப் பார்த்தால் தெரியும்.

வீட்டுல இருந்து நாங்க என்ன சொன்னா உங்களுக்கு உபயோகம்?

நோய்க்கு முன் எடை எவ்வளவு இருந்தது. கடைசியாக எப்போது, எவ்வளவு சிறுநீர் போனார். தினமும் போடும் மாத்திரைகள், பெயர் தெரியாவிட்டால் அட்டையைக் கொண்டுவாருங்கள். இதயம், கிட்னிக்கு எப்போதாவது எக்கோவோ ஸ்கேனோ எடுத்திருந்தால் அந்தப் பேப்பர், எத்தனை கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இங்கே வருவதற்கு முன் ஊரில் எத்தனை பாட்டில் ஏற்றினார்கள் என்பது. சீட்டில் பெரும்பாலும் எழுதியிருக்காது. போன மழைக்காலத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் பாட்டிக்கு ஓடிய காலி பாட்டில்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தான். மொத்தம் ஆறு. டாக்டர் ஐந்தாவது நிமிடத்தில் எக்கோ மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று அந்தப் பாட்டிக்கு நான் ஏழாவது பாட்டில் மாட்டவில்லை.